மரத்துக்கு ஒரு பெல்ட், இரும்புக்கு இரண்டு

போன மாதம் கெலாங் பாத்தாவிலிருந்து ஒருவர் என் அண்ணனுடைய பேண்ட்சாவை விலைக்குப் பார்க்க வந்தார். மரச்சாமான் செய்கிறவர். பேண்ட்சா என்பது மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி நாடா போல ஓடும் ரம்பம். நடுவில் உள்ள இரும்பு மேசையில் பலகையை வைத்துத் தள்ளினால் கேட்ட வளைவில் வெட்டித் தரும். வந்தவர் மேசையைத் தடவினார், சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தார், பின்பக்கம் போய்க் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னாங்க இது? மரம் அறுக்கிற மிஷினுக்குப் பின்னால கியர்பாக்ஸ் உக்காந்திருக்கு?"

"இரும்பு அறுக்க மாத்தினதுங்க."

"அப்ப இது மரத்து மிஷினா, இரும்பு மிஷினா?"

பதில் தெரியாததால் கதை சொன்னேன். பதில் தெரியாத இடத்தில் எல்லாம் நான் செய்வது அதுதான். இந்தக் கதையைக் கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறேன், வேலையிடத்துக் கேண்டீனில் சொல்லியிருக்கிறேன், வெட்கமில்லாமல் ஒரு துக்க வீட்டிலும் சொல்லியிருக்கிறேன். எல்லா இடத்திலும் சிரித்தார்கள். வெளிக்கேட் வரைக்கும் சொல்லி அங்கே நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் போனால் யாரும் சிரிக்கமாட்டார்கள். கெலாங் பாத்தாக்காரரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "சரியான ஆளுலா நீங்க," என்றார். அப்புறம் சும்மா இருக்காமல், "அண்ணனுக்கு என்னா ஆச்சு?" என்று கேட்டார்.

"வாங்க, பசியாறிட்டுப் போலாம்," என்று உள்ளே கூட்டிப்போய்விட்டேன்.

கேட்டுக்கு அந்தப் பக்கம் உள்ளதை இங்கே எழுதுகிறேன். வாயால் சொல்ல வரவில்லை.

அண்ணன் தச்சர். பாசிர் கூடாங்கில் எங்கள் தாமானில், இந்தக் குடியிருப்பில், பாதி வீட்டில் இருக்கும் சாமி மேடை அவர் செய்தது. ஆர்டர் எடுக்கப் போனால் மரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்த வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுச் சுவரோரம் நிற்கவைத்துக் கும்பிடச் சொல்வார். கூப்பிய கை எங்கே நிற்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. மேடையின் தட்டு அந்தக் கோட்டில்தான் வரும். "சாமி எவ்வளவு உயரத்துல இருக்கணும்னு சாமி சொல்லாது, கும்புடுறவங்க கைதான் சொல்லும்," என்பார். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கொட்டகையில், இந்த பேண்ட்சாவின் முன்னால், முப்பது வருடம் நின்றுகொண்டே வேலை செய்தவர்.

இனிப்பு நீர் வியாதி முதலில் அவருடைய ஒரு கால்விரலை எடுத்தது. பிறகு பாதத்தை. பிறகு வலது முழங்காலுக்குக் கீழே இருந்த எல்லாவற்றையும். ஆஸ்பத்திரியில் செயற்கைக் கால் ஒன்று பொருத்தி, இரண்டு கம்பிகளுக்கு நடுவே பிடித்துக்கொண்டு நடக்கவிட்டார்கள். அவருக்கு முறை வந்தது மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. பயிற்சி கொடுத்த பெண், வீட்டிலும் தினமும் நடந்தால்தான் உடம்பு பழகும் என்று சொல்லிவிட்டார்.

திரும்பி வரும்போது காடியில், அதாவது என் காரில், அண்ணன் சொன்னார்: "பின்வாசல்லேர்ந்து கொட்டாய்க்குப் பதினாறு அடி. அதை நான் நடந்து போவணும். போயி நின்னுகிட்டு ஒரு பலகை அறுக்கணும். ஒண்ணே ஒண்ணு போதும். வேற ஒண்ணும் வேணாம்."

"அதுக்கு என்னாண்ணே, அந்தக் கம்பியை நான் வீட்லயே செஞ்சு தர்றேன்," என்றேன்.

இதைச் சொன்ன ஆளைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். நான் இங்குள்ள இரசாயன ஆலைகளில் குத்தகை வேலைக்குப் போகும் தீக்காவலன். யாராவது வெல்டிங் செய்தால், இரும்பு அறுத்தால், சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு தீயணைப்புப் போத்தலோடு பக்கத்தில் நின்று பொறி எங்கே விழுகிறது என்று பார்க்கவேண்டும். பதினெட்டு வருடம் பார்த்திருக்கிறேன். அந்தப் பதினெட்டு வருடத்தில் நான் அணைத்த ஒரே நெருப்பு, கேண்டீனுக்கு வெளியே யாரோ போட்டுவிட்டுப் போன சிகரெட். அதையும் காலால் அணைத்தேன். மற்றபடி என் வேலை, காலையில் ஒரு தாளில் உள்ள கட்டங்களுக்கெல்லாம் சரி போடுவது. ஒரு கையில் டீ, ஒரு கையில் பேனா. நிமிர்ந்து பார்க்காமலே அத்தனை கட்டத்துக்கும் சரி போட எனக்குத் தெரியும். கை தானாகப் போகும்.

நடைக்கம்பிக்கு பைப்பு வாங்கி வந்தேன். பத்துத் துண்டு வெட்டவேண்டும். வட்டு சுற்றி இரும்பை அறுக்கும் கிரைண்டரை நான் தொடமாட்டேன். வேலையிடத்தில் ஒரு தடவை வட்டு உடைந்து காது ஓரமாகப் பறந்ததிலிருந்து அந்தச் சத்தம் கேட்டாலே கால் தானாக வாசலைத் தேடும். அதனால் கைரம்பத்தால் அறுத்தேன். அரைமணி நேரம் அறுத்து, வியர்வை சொட்ட, முதல் துண்டை அண்ணன் மடியில் வைத்தேன். அவர் அதன் வாயைப் பார்த்தார். ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் கட்டை.

"டே, இதைப் புடிச்சுகிட்டு நடந்தா நான் கொட்டாய்க்குப் போவமாட்டேன். நேரா ரோட்டுக்குப் போயிடுவேன்."

"கொஞ்சம்தாண்ணே கோணல்."

"பொறந்ததுலேர்ந்து நீயும் கொஞ்சம்தான் கோணல். அம்மா எவ்வளவு கஷ்டப்பட்டாங்க." துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர், என்னைப் பார்க்காமல் சொன்னார்: "என் பேண்ட்சாவை எடு. அதை மாத்திக்கலாம்."

அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அந்த மிஷினை வேறு யாரும் தொடக்கூட விடாதவர் அண்ணன்.

"ஆனா ஒண்ணு," என்றார். "வேலை முடிஞ்சா மரத்துக்குத் திரும்பி வரணும். எதையும் வெட்டக்கூடாது, ஒட்டக்கூடாது. நான் நடந்து போறப்ப அது பழையபடி நிக்கணும்."

மரத்துக்கும் இரும்புக்கும் உள்ள வித்தியாசம் வேகம்தான் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மரம் அறுக்கும் வேகத்தில் இரும்பை வைத்தால் ரம்பத்தின் பல் அறுக்காது, தேயும். பொறி பறக்கும். கொஞ்ச நேரத்தில் பல் போய் வெறும் தகர நாடா மிச்சமாகும். இரும்புக்கு ரம்பம் இருபது மடங்காவது மெதுவாகப் போகவேண்டும். அதற்கு ஒரு கியர்பாக்ஸ் தேடி சிம்பாங் ரெங்கம் வரை போனேன். அங்கே பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் சீனக் கிழவர், எஸ்டேட் ஆட்களோடு பழகி நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். கோழித்தீனி ஆலையிலிருந்து வந்த ஒன்றைக் காலால் உருட்டிக் காட்டினார்.

"இது மோட்டார் இருவது சுத்து சுத்துனா, ஒரு சுத்துதான் வெளிய விடும். எதுக்கு உனக்கு?"

"மரம் அறுக்கிற பேண்ட்சாவுல இரும்பு அறுக்க, தவுக்கே."

"அலமாக்! இரும்பு அறுக்கிற மிஷினே இருக்கே."

"அண்ணனுக்கு அவரு மிஷின்தான் வேணுமாம்."

கிழவர் குனிந்தார். கியர்பாக்ஸை அவரே என் காடியில் தூக்கிவைத்தார்.

அடுத்த நான்கு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கொட்டகை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நான் செய்தேன். மரம் அறுக்க மோட்டாரிலிருந்து சக்கரத்துக்கு நேராக ஒரு பெல்ட். இரும்பு அறுக்க மோட்டாரிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஒன்று, கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்கு ஒன்று என்று இரண்டு பெல்ட். ஸ்பானர் இருந்தால் கால்மணி நேரத்தில் மாற்றிவிடலாம். மரத்து பெல்ட்டைக் கழற்றியதும் அண்ணன் அதைக் கேட்டு வாங்கித் துடைத்து, கைக்கு எட்டும் ஆணியில் தானே மாட்டினார்.

இரும்புக்கான பொடிப்பல் ரம்பம் வந்தது. மாட்டினேன். மோட்டாரைப் போட்டதும் ரம்பம் மெதுவாக, மரியாதையாக ஓடியது. நாடாவை ஒட்டிய இடம் வழிகாட்டிக் கட்டையைத் தாண்டும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு சத்தம். பைப்பை வைத்துத் தள்ளினேன். அறுக்கவில்லை. என் கையிலிருந்த பைப்பு துள்ளி எழுந்தது. நான் "ஐயோ!" என்று கத்திக்கொண்டு பின்னால் குதித்ததில் சாயவாளிக்குள் ஒரு கால் போய்விட்டது.

அண்ணன் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நாற்காலி ஆட ஆட, சத்தமில்லாமல் சிரித்தார். காலை எடுத்ததற்கப்புறம் அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"பல்லு மேல பாத்து இருக்கு. தலைகீழா மாட்டியிருக்க."

"மாட்டறப்பவே பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"சொல்லக்கூடாதா?"

"சொன்னா மறந்துடுவ. இப்ப சாவுற வரைக்கும் மறக்கமாட்ட."

வாளியிலிருந்து காலை எடுத்தேன். செருப்பு நீலமாகிவிட்டது. அண்ணி வந்து பார்த்து, அவரும் சிரித்து, முதல் துண்டு ஒழுங்காக அறுபடுவதற்கு முன்னால் மிஷினுக்குச் சூடம் காட்டவேண்டும் என்றார். அங்கேதான் என் பதினெட்டு வருட அனுபவம் எழுந்து நின்றது. "கொட்டாய் உள்ளுக்கு நெருப்பா? மரத்தூள் இருக்கு அண்ணி! கூடவே கூடாது!" பாவம், குழாயடியில் நின்று காற்றில் அணைய அணைய ஏற்றி, தூரத்திலிருந்தே மிஷினுக்குக் காட்டினார்.

அதோடு விடவில்லை. வேலையிடத்தில் இருப்பது போலவே ஒரு அட்டையில் கட்டம் போட்டுக் கொட்டகைச் சுவரில் ஒட்டினேன். பெல்ட் சரி. மரத்தூள் எடுத்தாகிவிட்டது. கண்ணாடி. காதடைப்பான். தீயணைப்புப் போத்தல். கடைசி வரி: பார்வையாளர் வெளியே.

அண்ணன் படித்தார். "யாரு பார்வையாளர்?"

"சும்மா, கம்பெனில அப்படித்தாண்ணே போடுவோம்."

"என் கொட்டாய்ல நான் பார்வையாளனா?"

சிரிப்பாகத்தான் கேட்டார். ஆனால் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார், வாசல் நிலைக்கு வெளியே. அதை நான் பார்த்தேன். அட்டையைக் கிழித்திருக்கலாம். கிழிக்கவில்லை.

ஒன்பது துண்டு அறுத்தோம். ஒவ்வொன்றும் வாயில் நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது. அண்ணன் ஒவ்வொன்றின் விளிம்பிலும் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்துத் தலையாட்டினார். மிச்சம் ஒன்றுதான். அது சனிக்கிழமை சாயந்திரம். மறுநாள் முடித்துவிடலாம் என்று தூளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் கூப்பிட்டார்.

"டே, மரத்து பெல்ட்டைப் போடேன்."

"எதுக்கு?"

"பழைய சத்தம் கேட்டு எட்டு மாசம் ஆச்சு."

மாட்டினேன். மோட்டாரைப் போட்டேன். அந்த மிஷின் வேகம் பிடிக்கும்போது முதலில் உறுமும், பிறகு உறுமல் மெலிந்து ஒரே சீரான காற்றுச் சத்தமாகிவிடும். நாங்கள் எல்லாரும் வருடக்கணக்காக அந்தச் சத்தத்துக்குள்தான் தூங்கியிருக்கிறோம், சாப்பிட்டிருக்கிறோம். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வலது தொடை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. இல்லாத காலால் தாளம் போடுகிறார் என்று எனக்குக் கொஞ்சம் நேரம் கழித்துத்தான் புரிந்தது. "போதும்," என்றார். நிறுத்தினேன். மழை தூறத் தொடங்கியது. அப்படியே பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை அண்ணி கொடுத்த டீயோடு கொட்டகைக்குள் போய், அட்டைக்கு முன்னால் நின்று, பேனாவை எடுத்து, எல்லாக் கட்டத்துக்கும் சரி போட்டேன். கை தானாகப் போனது.

"பெல்ட்டு மாத்தினியா?" அண்ணன் நாற்காலியிலிருந்து கேட்டார். அந்த வாரம் ஆஸ்பத்திரியில் நடந்து தோல் சிவந்திருந்ததால் செயற்கைக் காலைப் போடாமல் வந்திருந்தார்.

"ஆச்சுண்ணே."

"கீழ்ச் சக்கரத்துக்கு அடியில தூள் எடுத்தியா? அங்கதான் அடைஞ்சு கெடக்கும்."

"எல்லாம் ஆச்சுண்ணே."

கண்ணாடி போட்டேன். இரண்டு காதிலும் அடைப்பானை நன்றாக அழுத்தினேன். தீயணைப்புப் போத்தல் என் காடியின் பூட்டில், பின்பெட்டியில், பத்திரமாக இருந்தது. மோட்டாரைப் போட்டேன். காதுக்குள் என் மூச்சு மட்டும் கேட்டது. பைப்பைத் தள்ளினேன்.

என் முகத்துக்கு நேரே தீபாவளி வெடித்தது. பொறி நீளமாகச் சீறிக் கீழே மேசை ஓட்டைக்குள் கொட்டியது. அண்ணன் மோட்டார் போட்ட அந்த நொடியிலிருந்தே கத்திக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. சத்தம் மாறிவிட்டதே, அவருக்குத் தெரியாமல் இருக்குமா? எனக்குத்தான் கேட்கவில்லை. கீழ்ச் சக்கரத்தை மூடியிருக்கும் கீழ்க்கதவு இடுக்கில் புகை வந்தது. அப்புறம் சின்னதாக ஒரு சிவப்பு.

இனி வருவதுதான் நான் எல்லாரிடமும் சொல்லும் பகுதி.

நான் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி "ஃபயர்! ஃபயர்! ஃபயர்!" என்று மூன்று தடவை கத்தினேன். பிறகு, பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடியே, எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கூடுமிடத்துக்கு ஓடினேன். ஆலையில் அது பச்சைப் பலகை மாட்டிய ஒரு இடம். அண்ணன் வீட்டில் அப்படி ஒன்றும் கிடையாது. என் கால் தானாகவே வெளிக்கேட்டைக் கூடுமிடமாக முடிவு செய்துவிட்டது. சமையலறை வழியாக, ஹாலைத் தாண்டி, செருப்பில்லாமல் ஓடி, கேட்டுக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, கையைத் தூக்கினேன். கூடுமிடத்தில் தலை எண்ணவேண்டும். எண்ணினேன். ஒன்று.

இங்கேதான் எல்லாரும் சிரிப்பார்கள். நானும் கூடச் சிரிப்பேன்.

ஒன்று என்று எண்ணி முடித்தபோதுதான் மற்ற தலை எங்கே என்று தோன்றியது. திரும்பி ஓடினேன். அதற்குள் மிஷின் நின்றிருந்தது. அண்ணி, அரிசி களைந்த தண்ணீரைச் சட்டியோடு கொண்டுவந்து கீழ்க்கதவுக்குள் ஊற்றிவிட்டிருந்தார். நெருப்பு அவ்வளவுதான், ஒரு சட்டித் தண்ணீர். அண்ணன் மிஷினுக்கு முன்னால் தரையில் கிடந்தார். ஒரு கை இன்னமும் சுவரில் சுவிட்சுக்கு நேராக நீட்டியிருந்தது. முப்பது வருடமாக அந்த மிஷினை நிறுத்த எப்படி எழுந்திருப்பாரோ அப்படியே எழுந்து, வலது காலை முன்னால் வைத்திருக்கிறார். சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் விழுந்திருக்கிறார். காலை எடுத்த இடத்தில் ஆறியிருந்த தையல் சிமெண்டில் மோதிப் பிளந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எப்படி விழுந்தார் என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். என் கழுத்தில் காதடைப்பானின் ஆரஞ்சுக் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்று காதிலேயே இருந்தது.

"கால் இருக்குன்னு நெனச்சு எந்திரிச்சுட்டேன், டாக்டர்," என்றார் அண்ணன்.

"நெறைய பேருக்கு அப்படி ஆகுங்க," என்று அவர் எழுதிக்கொண்டார்.

அது பொய் இல்லை. அதனால்தான் என்னால் ஒன்றும் சேர்த்துச் சொல்லமுடியவில்லை. வார்டில் தனியாக இருந்தபோது, "அண்ணே, அந்த பெல்ட்டு..." என்று தொடங்கினேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "இன்னும் ஒரு பைப்பு இருக்குல்ல? அதை முடி," என்றார்.

முடித்தேன். புது ரம்பம் வாங்கி, இரண்டு பெல்ட் போட்டு, கீழ்ச் சக்கரத்தின் அடியில் ஈரமாகக் கருகிக் கிடந்த தூளை விரலால் சுரண்டி எடுத்து, பத்தாவது துண்டை அறுத்தேன். வேலையிடத்து வெல்டர் ஒருவர் வந்து ஒட்டிக்கொடுத்தார். ஹாலில் தரையில் போல்ட் போட்டு நிறுத்தினேன். இரண்டு கம்பியும் அவ்வளவு அழகாக, இணையாக நின்றன. அன்று சாயந்திரம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அண்ணி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். புண்ணில் சீழ் மேலே ஏறிவிட்டதாம். முழங்காலுக்கு மேலே எடுக்கவேண்டுமாம். கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்றார்.

முழங்கால் போன பிறகு செயற்கைக் காலைத் தூக்கி நடக்க இருதயத்துக்குப் பலம் வேண்டும், இவருக்கு அது இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் சக்கர நாற்காலியில் வீட்டுக்கு வந்தார். வாசலைத் தாண்டியதும் நடைக்கம்பியைப் பார்த்தார். நாற்காலி அதற்கும் சோபாவுக்கும் நடுவே போகவில்லை. சக்கரம் கம்பியில் இடித்து நின்றது. அண்ணி பின்னால் இழுத்தார், மறுபடி தள்ளினார். மறுபடி இடித்தது. அண்ணன் கையை நீட்டிக் கம்பியின் முனையில் கட்டைவிரலை ஓட்டினார்.

"நல்லா அறுத்திருக்க," என்றார்.

இரண்டு வாரம் அண்ணி அதில் துணி காயப்போட்டார். மூன்றாவது ஞாயிறு அண்ணன் என்னைக் கூப்பிட்டார். கக்கூஸில் உட்கார்ந்து எழ ஒரு ஆள் பிடிக்கவேண்டியிருந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. சுவரில் பிடிமானம் வேண்டும். பென்சில் வாங்கி, கக்கூஸில் உட்கார்ந்து, கையை நீட்டி, அது தானாக எங்கே நிற்கிறதோ அங்கே தானே கோடு போட்டார். பிறகு ஹாலைக் காட்டி, "அதை அறுத்துடு," என்றார்.

கம்பியைக் கழற்றிக் கொட்டகைக்குக் கொண்டுபோனேன். அண்ணியைத் தள்ளச் சொல்லி அவரும் வந்தார். வாசல் நிலையில் நாற்காலி நிற்கும் என்று நினைத்தேன். உள்ளே வரைக்கும் வந்து, மிஷினுக்குப் பக்கத்தில் நின்றது. மடியில் என் தீயணைப்புப் போத்தல். காடி பூட்டிலிருந்து அண்ணியை எடுத்துவரச் சொல்லியிருக்கிறார்.

சுவரில் அந்த அட்டை அப்படியே இருந்தது. அன்றைக்கு நான் போட்ட சரிகளோடு. அவர் அதை ஒவ்வொரு வரியாகப் படித்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பேனா குடு."

கொடுத்தேன். கடைசி வரிக்கு எட்டிப் போய், 'பார்வையாளர் வெளியே' என்பதை மட்டும் அடித்தார். என் சரிகளை ஒன்றும் செய்யவில்லை.

"பெல்ட்டைக் காட்டு."

காட்டினேன். குனிந்து, இரண்டையும் விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"கீழ்க்கதவைத் தொற."

திறந்தேன். கையை உள்ளே விட்டுச் சக்கரத்துக்கு அடியில் தடவினார். ஒரு சிட்டிகைத் தூள் வந்தது. நான் துடைத்த துடைப்புக்கும் தப்பி எந்த மூலையில் இருந்ததோ. மூக்கில் வைத்து முகர்ந்தார்.

"நியாத்தோ மரம்," என்றார். "உன் வீட்டு சாமி மேடைக்கு அறுத்தது." அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "ம், போடு. காதை அடைக்காத."

போட்டேன். இரும்பு மெதுவாகத்தான் அறுபடும். ரம்பத்தின் ஒட்டு சுற்றி வரும்போதெல்லாம் டக். கொஞ்சம் நேரம் கழித்து மறுபடி டக். நடப்பதற்காக அறுத்த பைப்பை உட்காருவதற்காக அறுத்துக்கொண்டிருந்தோம். பாதி அறுத்ததும் என் கண்ணாடிக்குள் தண்ணீர் நிறைந்து ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடி போட்டிருந்தால் கண்ணைத் துடைக்கமுடியாது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லிக்கொடுப்பதில்லை.

"டே, அழுதா கோணலாப் போவும்," என்றார் அண்ணன்.

நான்கு துண்டும் நேராகத்தான் வந்தன.

போன வருடம் மழை தொடங்கிய வாரத்தில், பசியாறிக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்து அண்ணன் போய்விட்டார். கடைசி வரைக்கும் பெல்ட்டைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மரத்து பெல்ட் ஆணியிலேயே தொங்கியது. அந்தப் பதினாறு அடியை அவர் ஒரு தடவையும் நடக்கவில்லை.

கெலாங் பாத்தாக்காரர் மிஷினைக் கேட்கிறார் என்று சொன்னபோது அண்ணி உடனே சரி என்றார். "ஆனா மரத்துக்கு மாத்திக் குடுங்க தம்பி. அவரு அதைத்தானே சொன்னாரு."

நேற்று மத்தியானம் போய் மாற்றினேன். கியர்பாக்ஸை இறக்கினேன். ஆணியிலிருந்து பெல்ட்டை எடுத்தேன். நாள்பட்டுத் தொங்கியதில் ஒரு பக்கம் ஆணியின் வளைவு அப்படியே விழுந்திருந்தது. மாட்டிவிட்டு நிமிர்ந்தால், பின்வாசலில் அண்ணி நின்றுகொண்டிருந்தார். கையில் ஈரத்துணி.

"பெல்ட்டு சரியா?"

"சரி அண்ணி."

"கீழ்ச் சக்கரத்துக்கு அடியில தூள் எடுத்துட்டீங்களா?"

நான் அவரைப் பார்த்தேன். அந்தக் கேள்வி அண்ணன் என்னிடம் கேட்டது. அதற்கு நான் சொன்ன பதிலும் எங்கள் இரண்டு பேருக்குள் இருந்தது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அண்ணி முகத்தில் கோபம் இல்லை. பதிலுக்காகக் காத்திருந்தார், அவ்வளவுதான்.

"எடுக்கல அண்ணி," என்றேன். "அன்னைக்கும் எடுக்கல. பெல்ட்டும் மாத்தல."

"தெரியும்," என்றார். "இன்னைக்கு எடுங்க."

கொட்டகைக்குள் வந்து ஈரத்துணியைக் கொடுத்தார். நான் மண்டிபோட்டு, கதவைத் திறந்து, கை எட்டும் வரைக்கும் துடைத்தேன். பிறகு அவரும் குனிந்து விரலை விட்டுப் பார்த்தார். எழுந்து, சுவரில் இருந்த சுவிட்சை அவரே போட்டார்.

உறுமியது. உறுமல் மெலிந்தது. அண்ணி அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, வாசலுக்கு உள்ளே போட்டு, உட்கார்ந்தார். நான் காதை மூடாமல் பக்கத்தில் நின்றேன். அறுக்க ஒரு பலகையும் இல்லை.